ரங்கூனில் கிழிந்த இறக்கை

எனக்கு உயரம் என்றால் பயம். மாமரத்தில் ஏணி சாத்தினால் ஏறுகிறவன் பாட்டுக்கு ஏறுவான், கீழே நிற்கிற நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிற ஆகாய வழியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், அலெப்போ, பாக்தாத், பந்தர் அப்பாஸ், கராச்சி, ஜான்சி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன். அப்புறம் பாங்காக், சிங்கப்பூர், ஜாவா, திமோர், டார்வின். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு பஸ் எங்கெங்கே நிற்கும் என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டும்.

இந்த வழியை என் மண்டைக்குள் ஏற்றியது அம்மா. அப்பா தாலுகா கச்சேரியில் கிளார்க். அங்கே பெரிய மனிதர்கள் எல்லாம் வாசித்து மடித்துப் போட்ட பத்திரிகை, ஊசிப் போகும் தறுவாயில் எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில்தான் ஒரு இங்கிலீஷ்காரப் பெண் தனி ஆளாக ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தாள். வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். அவளுடைய அப்பா மீன் வியாபாரி. அம்மாவுக்கு இந்த மீன் சமாச்சாரம் ரொம்பப் பிடித்துவிட்டது. பூவாற்றுக் கடற்கரையில் மீன் ஏலம் எடுக்கிறவர் மகள் ஒருநாள் கிளம்பி ஆஸ்திரேலியா போனால் எப்படி இருக்கும், அப்படியாக்கும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் சைவக்காரர்கள், வீட்டுக்குள் மீன் வாடை வரக்கூடாது. அந்த மீன் வியாபாரி மட்டும் எங்கள் வீட்டில் சம்பந்தி மாதிரி பேசப்பட்டார்.

அம்மா அவளைப் பெயர் சொல்லிச் சொன்னதே இல்லை. "அந்தப் பிள்ளை" என்பாள், ஏதோ அண்ணன் மகள் மாதிரி. பத்திரிகை தாமதமாக வருவதால், அந்தப் பிள்ளை கராச்சிக்குப் போய்ச் சேர்ந்தாளோ என்னவோ என்று அம்மா தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கல்கத்தாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பாள். ரங்கூனில் மழையில் வழி தெரியாமல் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறங்கி, விமானம் பள்ளத்தில் விழுந்து இறக்கை கிழிந்தது என்று படித்த அன்று அம்மா சோற்றை வடிக்க மறந்துபோனாள். அப்பா கஞ்சியும் இல்லாத சோறும் இல்லாத ஒன்றைத் தின்றுவிட்டுக் கச்சேரிக்குப் போனார். பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு முதல்முதல் தபால் விமானம் வந்தபோது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்கப் போனவளும் அம்மாதான். நான் தூங்கிவிட்டேனாம். அதற்காக எனக்குப் பத்து வயது வரை திட்டு விழுந்தது.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கிழிந்த இறக்கைதான் என் வேலையைக் காப்பாற்றியது.

எனக்கு வேலை கிடைத்தது, தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலத்தில். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளி, தமிழ் டிவிஷனுக்கு டீச்சர். ஒரே நீளக் கூடம். நடுவில் ஓலைத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் தமிழும், அந்தப் பக்கம் தலைமையாசிரியரும் மலையாளமும். அவர் நல்ல மனிதர். பாடம் மலையாளத்தில் நடத்துவார், கோபம் வந்தால் தமிழில் திட்டுவார். திட்டுவதற்குத் தமிழ்தான் வாகாக இருக்கிறது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்வேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒன்றை மலையாளத்தில் சேர்ப்பார்கள், ஒன்றைத் தமிழில் சேர்ப்பார்கள். தாலுகா சென்னையோடு சேர்ந்தால் தமிழ் படித்தவனுக்கு உத்தியோகம், இங்கேயே நின்றால் மலையாளம் படித்தவனுக்கு உத்தியோகம். எப்படி விழுந்தாலும் ஒன்று தேறும். மூன்று பிள்ளை உள்ள வீட்டில் மூன்றாவது எங்கே என்று சண்டை நடக்கும். ஒற்றைப் பிள்ளை பெற்றவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாயாக்கடை வைத்திருந்தவருக்கு இரட்டைப் பெண்கள். ஒரே முகம், ஒரே பாவாடைத் துணி, ஒரே மாதிரி சளி. அவரும் வழக்கத்தை விடவில்லை. கொஞ்ச நேரம் முந்திப் பிறந்தவளை மலையாளத்தில் போட்டார், பிந்திப் பிறந்தவளைத் தமிழில் போட்டார். காலையில் இரண்டும் கைகோத்துக்கொண்டு வரும், வாசலில் கையை விட்டுவிட்டுத் தட்டிக்கு இரண்டு பக்கமாகப் பிரியும். பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். நான் யாரிடமும் சொல்லவில்லை, அந்த வழக்கம் இருந்ததால்தான் எனக்கு வகுப்பே இருந்தது.

மார்த்தாண்டம் பக்கம் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்ததோடு அதுவும் போயிற்று. அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது என் பக்கம் காலியாகக் கிடந்தது. தமிழில் இருந்த பிள்ளைகளையும் தகப்பன்மார் தட்டிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். பிள்ளையைத் தமிழில் படிக்க வைத்தாலே போலீஸ்காரன் போராட்டக்காரன் என்று குறித்துக்கொள்வான் என்று பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தெரு முக்கில் போலீஸ் வேன் நின்றது. அடி வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். சாயாக்கடைக்காரரின் அண்ணன் மகன் அம்பூரியில் ரப்பர் தோட்டத்துக்குள் மாதக்கணக்கில் ஒளிந்து கிடந்தான். அவர் இளையவளையும் மாற்றத்தான் பார்த்தார். அவள் சாயாக்கடைப் பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டு, வரமாட்டேன் என்று ஊரைக் கூட்டியதால் விட்டுவிட்டார். அப்படி மிஞ்சியவள் அவள். அவளோடு இன்னும் சில பேர். சட்டப்படி ஒரு டிவிஷனுக்கு வேண்டியதில் பாதி கூட இல்லை.

மாதக் கடைசியில் கல்வி அதிகாரி வந்து பார்ப்பார், ஆள் இல்லாவிட்டால் தமிழ் டிவிஷனை எடுத்துவிடுவார் என்று தலைமையாசிரியர் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. டிவிஷன் போனால் என் வேலையும் போகும். வேலை போனால் வடசேரியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவருக்கு என்னைக் கட்டிக் கொடுப்பதாக அப்பா முடிவு செய்திருந்தார். மாப்பிள்ளை தங்கமானவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இருக்கட்டும், யார் இல்லை என்றது? எனக்குத் தங்கம் வேண்டாம், கரும்பலகை வேண்டும். அதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். வகுப்பு இருந்தால் இரு என்றார் அவர். அவரும் ஒரு சொல்லுக்கு மேல் பேசாத ஆள்.

குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். செங்கல் என்கிற ஊர் வழி போனேன், திருப்புறம் வரைக்கும் கூடப் போனேன். நல்ல மரியாதை. எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், சாயா கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். இந்த வருஷம் போகட்டும் டீச்சர், அடுத்த வருஷம் பார்ப்போம். அந்த வாரம் நான் குடித்த சாயாவுக்கு எனக்குத் தூக்கமே வராமல் போயிருக்க வேண்டும். தூங்கினேன். நான் எப்போதும் நன்றாகத் தூங்குகிறவள்.

விமானக் கதையை நான் பிள்ளை பிடிப்பதற்காக ஆரம்பிக்கவில்லை. ஆனி மழை ஓட்டில் விழுகிற சத்தத்தில் கணக்குப் பாடம் நடத்த முடியாது. கதை என்றால் கத்திச் சொல்லலாம். பூகோளப் பாடம் என்று பெயர் வைத்துக்கொண்டு கரும்பலகையில் லண்டனிலிருந்து டார்வின் வரைக்கும் கோடு இழுத்தேன். கடைசிப் பீரியடில் தினம் ஒரு ஊர். திறந்த விமானம், மழை பெய்தால் நனைய வேண்டியதுதான், மணல் காற்று அடித்தால் கண்ணில் விழ வேண்டியதுதான். பாக்தாத்துக்கு முன்னால் பாலைவனத்தில் இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் பெட்டியை வைத்து, விமானம் பறந்து போகாமல் வாலில் ஏறி அவள் உட்கார்ந்திருந்ததைச் சொன்னபோது என் பிள்ளைகள் மூச்சு விடவில்லை.

இளையவள் மட்டும் கை தூக்கினாள். "டீச்சரே, அவ மலையாளமா, தமிழா?"

இங்கிலீஷ் என்றேன்.

"அப்ப எங்க போய் விழுந்தாலும் வேலை கிட்டும்" என்றாள் அவள், ரொம்ப நிம்மதியாக.

தட்டியில் ஓட்டைகள் வர ஆரம்பித்தன. ஜான்சிக்கு வந்தபோது ஓட்டைக்கு ஒரு கண் இருந்தது. அலகாபாத்தில் கீழ்ப்பக்கம் ஓலையையே கிழித்து ஒரு தலை வந்துவிட்டது. தலைமையாசிரியர் ஒருநாள் சாயங்காலம் குடையை மடக்கிக்கொண்டே, "டீச்சரே, என்றெ குட்டிகளெ திரிச்சுத் தருமோ?" என்றார். தன் பிள்ளைகளைத் திருப்பித் தரச் சொல்கிறார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான். கதை கேட்காதே என்று காதைப் பொத்தவா முடியும் என்றேன். மறுநாள் கடைசிப் பீரியடில் அவர் பாடத்தைக் கொஞ்சம் மெதுவாக நடத்தினார் என்பது என் அனுமானம்.

கல்கத்தா அன்று இன்னொன்று கண்டுபிடித்தேன். வங்காள விரிகுடாவைத் தாண்டுமுன் எல்லோரும் சிலேட்டில் கல்கத்தா என்று எழுதுங்கள் என்றேன். சாயாக்கடைக்காரரின் இளையவள் சிலேட்டை வாங்கிப் பார்த்தால் அழகான மலையாள எழுத்து. நிமிர்ந்து பார்த்தேன். அவள் அசையாமல் என்னைப் பார்த்தாள். அது மூத்தவள். ஒருநாள் இவள், ஒருநாள் அவள் என்று இடம் மாற்றி உட்கார்ந்து, ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் கதையை ஒட்டவைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உட்காரு என்றேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது நெஞ்சு கனத்துவிட்டது. இவள் பேசுவது தமிழ், சிரிப்பது தமிழ், சண்டை போடுவது தமிழ். பயத்தில் அந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் பூராவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.

அதிகாரி வருகிற நாள் ரங்கூன்.

காலையிலேயே தலைமையாசிரியர் என்னிடம் வாய்ப்பாடு சொல்லவைக்கச் சொன்னார். அதிகாரிக்கு அது பிடிக்குமாம். நானும் சரி என்றேன். அதிகாரி நெட்டையான மனிதர், வடக்கே எங்கோ சொந்த ஊர், மலையாளம் மட்டும் பேசுவார், தமிழ் புரியும். மத்தியானம் வரை மலையாளம் டிவிஷனைப் பார்த்துவிட்டுக் கடைசியில் என் பக்கம் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். என் பெஞ்சுகளைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார். அவர் எதற்குக் கழற்றினார் என்று எனக்குத் தெரியும்.

நடத்துங்கள் என்று கை காட்டினார். நான் வாய்ப்பாடு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் பிள்ளைகள் எல்லாம் கரும்பலகையில் ரங்கூன் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் விமானத்தைப் பள்ளத்தில் விழவிட்டுப் பாதியில் நிறுத்தியிருந்தேன். இன்றைக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். போகிற வகுப்பு எப்படியும் போகப்போகிறது, அந்தப் பிள்ளையைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டு வடசேரிக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. வாய்ப்பாடு அங்கே நிற்கட்டும் என்று ரங்கூனை எடுத்தேன்.

விமான இறக்கை இரும்பு என்று நினைக்காதீர்கள், மரச் சட்டத்தில் துணியை இழுத்துத் தைத்து மருந்து பூசியது என்று ஆரம்பித்தேன். அந்தத் துணிதான் கிழிந்துபோயிற்று. பக்கத்தில் இன்ஜினியரிங் படிக்கிற பையன்கள் ஓடிவந்தார்கள். மரம் செதுக்கினார்கள், கம்பியை நிமிர்த்தினார்கள். ஆனால் துணிக்கு எங்கே போவது? அது சாதாரணத் துணி இல்லை, விமானத்துக்கென்றே நெய்தது, ரங்கூன் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அப்போது ஒருத்தருக்கு நினைவு வந்தது. முதல் உலக யுத்தம் முடிந்தபோது மிச்சமான விமானத் துணியை ஏலத்தில் விற்றார்கள். அதை வாங்கிச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார் அந்த ஊரில் ஒரு மனிதர். போனார்கள், சட்டைகளை வாங்கினார்கள், பித்தானை அறுத்தார்கள், தையலைப் பிரித்தார்கள். நேற்று வரைக்கும் சட்டை. இன்றைக்கு மறுபடி இறக்கை.

இதைச் சொல்லி முடிக்கவில்லை, தட்டி விழுந்தது.

அந்தப் பக்கம் பிள்ளைகள் மொத்தமாகச் சாய்ந்திருக்கிறார்கள். மூங்கில் முறிந்து, தட்டி அதிகாரியின் நாற்காலியை உரசிக்கொண்டு விழ, அதன்மேல் மலையாளம் டிவிஷன் முழுவதும் குவியலாகக் கிடந்தது. அடிபட்டுக் கிடந்த ஒன்று கூட அழவில்லை. குவியலின் உச்சியில் இருந்தவள் சாயாக்கடைக்காரரின் மூத்தவள்.

அதிகாரி எழுந்து நின்றார். இது எந்த டிவிஷன் பிள்ளை, இங்கே என்ன வேலை என்று அதட்டினார்.

"மிச்சம் கேக்க வந்தோம் சாரே" என்றாள் அவள்.

அப்போதுதான் வாசலில் சாயாக்கடைக்காரரைப் பார்த்தேன். அதிகாரிக்குச் சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்தவர், கையில் தம்ளரோடு எவ்வளவு நேரமாக அங்கே நின்று கேட்டாரோ தெரியாது. சாயாவில் ஆடை கட்டியிருந்தது. உள்ளே வந்தார். தம்ளரை மேசையில் வைத்தார். மூத்தவளைத் தூக்கி நிறுத்தி முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார். போலீஸ் வேன் நின்றால் கடையின் பின்பக்கமாகப் போகிற மனிதர் அவர். அதிகாரிக்கு நேராக நின்றார்.

"சாரே, இது எனக்க மூத்தவ. இவளும் இந்த விமானத்துக்க துணி ஆக்கும். நான்தான் போலீசுக்குப் பேடிச்சுச் சட்டையாத் தச்சுப் போட்டேன். இப்ப நானே பிரிச்சுத் தாறேன். இவளையும் தமிழிலே எழுதிக்கிடுங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை, என்னத்துக்கு மறைக்க வேண்டும்?

தாலுகா இந்தப் பக்கமே நின்றுவிட்டால் பிள்ளைகளின் எதிர்காலம் என்ன ஆகும் என்று யோசித்தாயா என்று அதிகாரி கேட்டார். மிரட்டிக் கேட்கவில்லை, தகப்பன் தகப்பனைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"எங்க நிண்ணாலும் வீட்டிலே பேசுகது இதுதானே சாரே."

அதிகாரி உட்கார்ந்தார். ஆறிப்போன சாயாவை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பேனாவை மூடினார். "அடுத்த கொல்லம் நோக்காம்" என்றார். இந்த வருஷம் இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம். வீடு வீடாக நான் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன அதே பதில். அன்றைக்கு அதைப் போல இனிப்பான சொல்லை நான் கேட்டதில்லை. போகும்போது தட்டியை ஒழுங்காகக் கட்டச் சொன்னார். கட்டுகிறேன் என்றார் தலைமையாசிரியர். கட்டவும் கட்டினார், ஒரு பிள்ளை நுழைகிற மாதிரி ஓரத்தில் இடம் விட்டு.

சாயாக்கடைக்காரர் கடைக்குப் போய், குடிக்க வந்தவர்களிடம் எல்லாம் இந்தக் கதையை விற்றிருக்கிறார். மறுநாள் காலையில் இரண்டு தகப்பன்மார் வந்தார்கள். அந்த வாரம் இன்னும் சிலர். எல்லோரும் வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். வரவேண்டிய அளவுக்கு வந்தார்கள். மூத்தவள் அ, ஆ என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். தங்கச்சி சொல்லிக் கொடுத்தாள், அதற்காக அக்காவைப் போட்டு அதிகாரம் பண்ணினாள். விமானமும் டார்வின் போய்ச் சேர்ந்தது. வடசேரிக்காரருக்கு வேறு நல்ல இடத்தில் பெண் கிடைத்தாள். எனக்குத் தோன்றியபோது நான் கல்யாணம் செய்துகொண்டேன், என் வேலையை மதித்த ஒருவரை.

அதற்கு அடுத்த வருஷம் எல்லைக் கோடு விழுந்தது. களியக்காவிளை சென்னைப் பக்கம் போயிற்று, நாங்கள் கேரளத்துப் பக்கம் நின்றுவிட்டோம். செய்தி வந்த அன்று சாயாக்கடை திறக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் அடுக்களையில் நின்று அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். அம்மா பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்கு கிளாஸ் உண்டா மக்கா?" என்றாள்.

உண்டு என்றேன்.

"பிள்ளையளு வருமா?"

வரும் என்றேன்.

"அப்ப என்னத்துக்கு அழுக? போய் முகத்தைக் கழுவு."

மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் ஒரு அதிகாரி வந்தார், பெஞ்சுகளைப் பார்த்தார், அடுத்த கொல்லம் நோக்காம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அடுத்த வருஷம் நான் ஓய்வு பெறும் வரை வரவில்லை. பெருமைதான் எனக்கு. அடக்கமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்றால் வேறு யாராவது சொல்லட்டும்.

கடைசி நாளில் சாயாக்கடைக்காரரின் மூத்தவள் வந்திருந்தாள், தலையில் இரண்டு நரை. அவளுக்கு இரண்டு பெண்கள். ஒன்றை அங்கேயும் ஒன்றை இங்கேயும் அவள் போடவில்லை. இரண்டும் என் முதல் பெஞ்சில், தமிழில், ஒன்றை ஒன்று கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.